பத்தமடைப் பாயும் வலைத்தளத்தின் முகப்பும்

சிறு வியாபாரம் நடத்துகிறவர்கள், கடன்பட்டோ கைப்பணத்தைச் செலவழித்தோ தங்கள் கடைக்கென்று ஒரு வலைத்தளத்தை அமைத்துக்கொண்டு, அது திறந்த நாளில் உற்றார் உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வாழ்த்துகளைப் பெற்று, பின்னர் மாதங்கள் சில கழிந்தும் அதன் வழியாகப் புதிய வாடிக்கையாளர் ஒருவரும் வந்து சேராததைக் கண்டு மனம் சோர்ந்துபோவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சரக்கு நல்ல சரக்கு, விலையும் நியாயமானது, நாணயத்திலும் குறைவு கிடையாது. தளத்துக்கு ஆட்கள் வரவில்லையோ என்று கணக்கை எடுத்துப் பார்த்தால், வரவும் செய்கிறார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை என்பதே விஷயம். கைபேசித் திரையில் முதன்முதல் விரிகிற அந்தச் சிறிய இடத்திலேயே அவர்களுடைய தீர்மானம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எவ்வளவு சிரத்தையோடு எதை எழுதி வைத்திருந்தாலும் அது அவர்கள் கண்ணில் படுவதற்கு அவகாசமே ஏற்படுவதில்லை. அந்த மேற்பகுதியைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். அதில் எழுத வேண்டிய வாசகத்தைக் கடைக்காரர் தம் மனத்திலோ, தளம் அமைத்துக் கொடுப்பவரின் கற்பனையிலோ தேட வேண்டியதில்லை. கடைக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் அது தினந்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பத்திரிகை உலகில் மடிப்புக்கு மேலுள்ள பாதிக்கு எப்போதும் ஒரு விசேஷ மதிப்பு இருந்துவந்திருக்கிறது. அகலமான தாளில் அச்சாகும் பத்திரிகைகளை இரண்டாக மடித்துக் கடையில் அடுக்குவதால், வழியோடு போகிறவரின் கண்ணில் படுவது முதற்பக்கத்தின் மேற்பாதி மட்டுமே. ஆகவே அன்றைய பிரதான செய்தியை ஆசிரியர்கள் அங்கே அமைத்தார்கள். திரையை உருட்டாமலே தெரிகிற பகுதிக்கு வலைத்தளக்காரர்களும் அதே மதிப்பைக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் நீல்சன் நார்மன் நிறுவனத்தார், பார்ப்பவரின் கண் செல்லும் போக்கைக் கருவியால் பதிவு செய்து ஆராய்ந்தபோது, 2010-இல் மக்கள் ஒரு பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் 80 சதவிகிதத்தை இந்த மேற்பகுதியிலேயே செலவிட்டார்கள். 2018-இல் கணினித் திரைகளை வைத்து மறுபடியும் ஆராய்ந்தபோது அது 57 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. மக்கள் உருட்டப் பழகிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட கவனம் இன்னும் மேலேயே தங்குகிறது. கீழே போகலாமா வேண்டாமா என்ற முடிவும் மேலே கண்டதை வைத்தே எடுக்கப்படுகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் லிண்ட்கார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, ஒரு பக்கம் கண்ணுக்கு உகந்ததா இல்லையா என்ற எண்ணம் 50 மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், உருவாகிவிடுகிறது என்று கண்டது.

இவ்வளவு மதிப்புள்ள இடத்தில் சாதாரணமாக என்ன காண்கிறோம்? ‘எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று ஒரு வரி. ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று இன்னொரு வரி. பின்னணியில் ஓயாமல் நகர்ந்துகொண்டேயிருக்கும் நாலைந்து படங்கள். சில இடங்களில் ஸ்தாபகரின் உருவப்படம். இவற்றை வைத்தவர்களின் மனத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. தகப்பனார் தலைச்சுமையாகச் சரக்கைச் சுமந்து ஊர் ஊராக விற்று உண்டாக்கிய கடை என்றால், அவருடைய படத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும் என்று மகனுக்குத் தோன்றுவது இயல்பே. அந்த நன்றியுணர்ச்சி இருக்கிற கடையில்தான் சரக்கும் நன்றாக இருக்கும். அந்தப் படத்துக்குரிய இடம் சற்றுக் கீழே, கடையின் வரலாற்றைச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. இன்ன சாமான் இங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொண்டவர், இவர்கள் யார், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கும்போது அந்தப் படம் அவருக்குப் பெரிய நம்பிக்கையைத் தரும். அதற்கு முன்னால் காட்டினால் அறிமுகமில்லாத ஒரு பெரியவரின் படமாகவே அவர் அதைக் கடந்து போவார்.

நகரும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாச் சரக்கையும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம் என்ற ஆசையால் அவை வைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் வலைத்தளத்தைப் பராமரித்தவர் 2013-இல் தம் கணக்கை வெளியிட்டார்: முதற்பக்கத்துக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவிகிதத்தினர்தாம் அத்தகைய படங்களில் ஏதேனும் ஒன்றைச் சொடுக்கினார்கள், அந்தச் சிறு தொகையினரிலும் 80 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் முதல் படத்தையே சொடுக்கினார்கள். இரண்டாவது முதல் ஐந்தாவது வரையுள்ள படங்களுக்காகச் செலவிட்ட உழைப்பு யாருக்குப் பிரயோஜனப்பட்டது? கைபேசியிலோ இன்னொரு தொல்லையும் சேர்கிறது; ஒருவர் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது நழுவிப்போய் வேறொன்று வந்து நிற்கிறது.

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கிற ஒருவர், உள்ளே நுழைகிற ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றிப் பலகையையும் அண்ணாந்து பார்க்கிறார். எந்த ஊர் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டு விஷயங்களை அந்தப் பலகை சொல்லிவிடுகிறது. தம் ஊர்ப் பெயர் அதில் இருந்தால் ஏறுகிறார், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறார். வலைத்தளத்தின் முகப்புக்கு இருக்கும் வேலையும் இதுவேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வருகிறவர் ஏதோ ஒரு தேவையோடு வருகிறார். அந்தத் தேவையின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்.

அந்தப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு, எனக்கு நெருங்கிய பழக்கமுள்ள ஒரு குடும்பத்தாரின் கடையையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அவர்கள் பத்தமடைப் பாய் வியாபாரம் செய்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே பாய் ஞாபகத்துக்கு வரும்படி, தலைமுறை தலைமுறையாக அங்கே நெசவு நடந்துவருகிறது. கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, சாயமேற்றி, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு கையாலேயே நெய்கிறார்கள். நுண்ணிய ரகத்தைப் பட்டுப்பாய் என்று சொல்வார்கள். அதைக் கைக்கு அடக்கமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கென்று மணமக்களின் பெயரைக் கரையில் பொறித்து நெய்து தருவது அவ்வூரின் விசேஷம். 2013-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்படி ஒரு சரக்கை வைத்துக்கொண்டு, தளத்தின் உச்சியில் ‘பாரம்பரியத்தின் பெருமை, கைவினையின் அருமை’ என்று எழுதியிருந்தார்கள். வாக்கியம் அழகானதுதான், ஆனால் அதைப் பட்டுப்புடவைக் கடையும் எழுதலாம், பித்தளை விளக்குக் கடையும் எழுதலாம், முறுக்குக் கடையும் எழுதலாம். பாய் என்ற சொல்லே அதில் கிடையாது.

கடையில் போன் எடுக்கிற அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, யார் கூப்பிட்டாலும் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வியை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அந்த நோட்டு சில வாரங்களில் நிரம்பியது. அதை வாசிப்பதே ஒரு பெரிய பாடமாக இருந்தது. ‘கல்யாணத்துக்குப் பாய் வேணும், பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டுத் தருவீங்களா?’ என்று ஒருவர். ‘இப்பச் சொன்னா எத்தனை நாள்ல கிடைக்கும், அடுத்த மாசம் முகூர்த்தம்’ என்று இன்னொருவர். ‘அக்கா, இது நிஜக் கோரைதானே, பிளாஸ்டிக் கலந்தது இல்லையே?’ என்று ஒரு பெண்மணி. ‘மெட்ராஸுக்கு அனுப்புவீங்களா?’ ‘என்ன விலையிலேர்ந்து இருக்கு?’ ‘சிங்கப்பூர்ல இருக்கிற எங்க மக கேக்கச் சொன்னா, அங்க அனுப்ப முடியுமா?’ இப்படியே பக்கம் பக்கமாக. பாரம்பரியத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததனால்தான் பத்தமடையைத் தேடிக் கூப்பிட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் கல்யாண வீட்டார். அவர்கள் எல்லாருடைய மனத்திலும் ஒரு தேதி இருந்தது.

ஆகவே முகப்பின் வாசகத்தை யோசித்து உண்டாக்க வேண்டிய சிரமமே எங்களுக்கு ஏற்படவில்லை. ‘மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கல்யாணப் பாய்’ என்பது பெரிய எழுத்தில். அதன் கீழே, ‘பத்தமடையில் கோரையால் கைநெசவு செய்தது. முகூர்த்தத்துக்கு 45 நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம்’ என்று சற்றுச் சிறிய எழுத்தில். அடுத்த வரியில் எந்த விலையிலிருந்து கிடைக்கும் என்ற விவரம். அதற்கும் கீழே ஒரு பொத்தான். அவ்வளவுதான். விளம்பரக் கலையில் பெயர்பெற்ற டேவிட் ஓகில்வி, 1963-இல் வெளியான தம் நூலில், தலைப்பைப் படிப்பவர்கள் உள்விஷயத்தைப் படிப்பவர்களைப்போல் ஐந்து மடங்கு என்று சராசரிக் கணக்குச் சொன்னார். அச்சு விளம்பரத்துக்கு அவர் சொன்னது கைபேசிக் காலத்துக்கும் பொருந்துவதாகவே நான் நினைக்கிறேன். தலைப்பில் சரக்கின் பெயரைச் சொல்லாத வியாபாரி, வந்தவர்களில் பெரும்பாலோரிடம் தாம் என்ன விற்கிறோம் என்பதைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் ஒரு ஆக்ஷேபம் எழும். அந்தக் குடும்பத்தாரும் அதை எழுப்பினார்கள். ‘நாங்கள் அன்றாடம் படுக்கிற பாயும் விற்கிறோம், கோரைப் பையும் விற்கிறோம், மேசை விரிப்பும் விற்கிறோம், கல்யாணப் பாயை மட்டும் சொன்னால் மற்றவற்றைத் தேடி வருகிறவர்கள் போய்விட மாட்டார்களா?’ என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான். ஒரு குடும்பத்தின் ஜீவனம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு வாடிக்கையாளரை இழப்பதுகூடச் சிறிதல்ல. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் ஒன்றையும் சொல்லாத வாக்கியமாகவே முடிகிறது. எந்தச் சரக்கைத் தேடி அதிகம் பேர் வருகிறார்களோ, எதில் அந்தக் கடைக்கு மற்றவர்களைவிட அதிகத் தேர்ச்சியும் லாபமும் இருக்கிறதோ அதற்கு முதலிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றைத் திரையின் அடிவிளிம்பில் சிறு படங்களாக, பாதி தெரிகிறபடி வைத்தால், கீழே இன்னும் இருக்கிறது என்பதை அவையே உணர்த்தி உருட்டச் செய்யும். திரையின் அடி ஓரத்தில் படமோ எழுத்தோ பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது நல்லது. அங்கே வெறும் வெள்ளை இடம் தெரிந்தால் பக்கம் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

விலையை முகப்பில் சொல்வதா என்பதில் நம் வியாபாரிகளுக்குப் பெரிய தயக்கம் உண்டு. போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்கிறார்கள். அவருக்கு அந்த விலை ஏற்கெனவே தெரியும். அதை அறியாமல் தவிப்பவர் வாடிக்கையாளர் ஒருவரே. விலை எழுதாத இடத்தில், நமக்கு எட்டாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே போகிறவர்களை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது. முழு விலைப்பட்டியல் வேண்டியதில்லை. இன்ன தொகையிலிருந்து தொடங்குகிறது என்ற ஒரு வரி போதும்.

படத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், இரவல் படங்களைத் தயவுசெய்து முகப்பில் வைக்க வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்வேன். எங்கோ வெளிநாட்டில் கைகுலுக்கிக்கொண்டிருக்கும் கோட்டுப் போட்டவர்களின் படத்தைக் கோவில்பட்டியிலும் குடியாத்தத்திலும் இருக்கிற கடைகளின் தளங்களில் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கிறவருக்கு, இந்தக் கடை மெய்யாகவே இருக்கிறதா என்ற சந்தேகம் வராமலிருக்குமா? பாயின் படம் என்றால், பகல் வெளிச்சத்தில் முழுமையாக விரித்து, கரையிலுள்ள பெயர் தெளிவாகத் தெரியும்படி, அளவு விளங்குவதற்காக அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கும்படி எடுத்தது வேண்டும். அந்தப் பெயருக்குரிய மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு வைப்பது மரியாதை. பாயின் கோடுகளின்மீதே தலைப்பு எழுத்துக்களை ஏற்றிவிட்டால் இரண்டும் கெடும். எழுத்துக்குத் தனியிடம் விட வேண்டும். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்தில் 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று வலைத்தளங்களுக்கான சர்வதேச நெறிமுறை சொல்கிறது; வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கிற நம் ஊர் மனிதருக்கு அதைவிட அதிகமாகவே இருப்பது நலம்.

பொத்தான் ஒன்று போதும் என்பதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். ‘மேலும் அறிய’, ‘பதிவிறக்க’, ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புகொள்ள’ என்று நான்கு பொத்தான்களை ஒரே அளவில் வரிசையாக வைத்தால், பார்க்கிறவர் எதைத் தொடுவது என்று தயங்குகிற அந்தக் கணத்திலேயே போய்விடுகிறார். எங்கள் பொத்தானில் ‘முகூர்த்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்’ என்று எழுதினோம். தொட்டால் வாட்ஸ்அப் திறந்து, ‘வணக்கம், கல்யாணப் பாய் பற்றிக் கேட்க வேண்டும். முகூர்த்தத் தேதி:’ என்ற வாசகம் முன்கூட்டியே எழுதப்பட்டு நிற்கும். அவர் தேதியைச் சேர்த்து அனுப்பினால் போதும். முன்பு அங்கே பெயர், ஊர், மின்னஞ்சல், பொருள், விவரம் என்று ஒரு நீண்ட படிவம் இருந்தது; மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒரு பெரியம்மா அதை நிரப்புவாரா என்று யோசித்துப் பாருங்கள். சிறு கடைகளுக்கென்று வாட்ஸ்அப் தனியாக ஒரு செயலியை 2018 ஜனவரியில் வெளியிட்டது. கடை மூடியிருக்கும் நேரத்தில் தானாகப் பதில் சொல்லும் வசதியும் அதில் இருப்பதால், இரவு பதினோரு மணிக்குக் கேட்கிற சிங்கப்பூர் மகளுக்கும் உடனே ஒரு வார்த்தை போய்ச் சேர்கிறது. தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் எழுதிவிடாமல், தொட்டால் அழைப்புப் போகும்படி எழுத்தாகவே வைக்க வேண்டும். பொத்தானின் உயரம் 48 புள்ளிகளுக்குக் குறையாமல் இருந்தால், வேலை செய்து தடித்த விரலுக்கும் அது தப்பாது.

பொத்தானுக்கு அருகில் நம்பிக்கைக்குரிய அடையாளம் ஏதேனும் ஒன்று இருப்பது அவசியம். பாய்க் கடைக்கு ஊரின் பெயரும் தெருவின் பெயருமே பெரிய அடையாளம். புவிசார் குறியீட்டைப் போடுவதானால், அதற்குரிய பதிவேட்டில் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராக இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு போட வேண்டும்; ஊருக்குக் கிடைத்த குறியீடு என்பதற்காக விற்பவர் எல்லாரும் அதைப் போட்டுவிட முடியாது. தின்பண்டம் விற்பவர் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும், பட்டு விற்பவர் தகுதியிருந்தால் சில்க் மார்க்கையும் வைக்கலாம். ‘நம்பகமானவர்கள்’ என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வதைவிட, சரிபார்க்கத்தக்க ஓர் எண் அதிகம் பேசும்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற கேள்வியும் நோட்டிலேயே தீர்ந்துவிடுகிறது. எந்த மொழியில் அழைப்பு வருகிறதோ அந்த மொழியில் முகப்பு. தமிழில் எழுதும்போது சில காரியங்களில் தனி ஜாக்கிரதை வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. கணினியின் அகன்ற திரையில் ஒரே வரியாக அழகாக நின்ற தலைப்பு, கைபேசியின் குறுகிய திரையில் நாலு வரியாக உடைந்து பொத்தானைக் கீழே தள்ளிவிடும். எழுத்துக்களுக்கு மேலே இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால், ஆங்கிலத்துக்கென்று இறுக்கி வைத்த வரி இடைவெளியில் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சில இடங்களில் தலையே வெட்டுப்படும். இதற்குப் பயந்துகொண்டு தலைப்பைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சிறு திரையில் அது படிக்க முடியாதபடி சுருங்கும். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கு அது எழுத்தாகவே தெரியாது. தேடுபொறியும் அதை எழுத்தைப்போல எளிதில் கொள்ளாது. வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விட்டு, எழுத்தை எழுத்தாகவே வைப்பதுதான் சரி.

பக்கம் மெதுவாக விரிந்தால் இத்தனை யோசனையும் வீண். முகப்பிலுள்ள பிரதான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் அது சில மெகாபைட் கனம் இருக்கும். அதையே திரைக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்து, வெப்பி என்ற வடிவத்தில் சேமித்தால் இருநூறு கிலோபைட்டுக்குள் அடக்கிவிடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. படத்தின் நீள அகலங்களை முன்கூட்டியே குறிப்பிட்டுவிட்டால், அது வந்து சேரும்போது எழுத்துக்கள் துள்ளி நகர்ந்து, தொடப்போன விரல் வேறெதையோ தொடுகிற சங்கடமும் ஏற்படாது. வந்ததும் வராததுமாகத் திரையை மூடிக்கொண்டு ‘உங்கள் எண்ணைக் கொடுங்கள்’ என்று கேட்கும் பெட்டிகளை அடியோடு விட்டுவிட வேண்டும். கைபேசியில் அவ்வாறு மறைக்கும் பக்கங்களுக்குத் தேடல் வரிசையில் இடம் குறையும் என்று கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. முகப்பு என்பது தளத்துக்குள் நுழைந்த பிறகு தொடங்குவதன்று. கூகுளில் தேடுகிறவர் முதலில் காண்பது நம் பக்கத்தின் தலைப்பையும் அதன் கீழுள்ள இரண்டு வரி விளக்கத்தையும். அங்கே ‘ஹோம்’ என்றோ ‘வெல்கம்’ என்றோ இருந்தால் அவர் ஏன் சொடுக்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் ஒருவர் நம் முகவரியை இன்னொருவருக்கு அனுப்பும்போது ஒரு சிறு படமும் தலைப்பும் தோன்றுகின்றன. கல்யாண வீட்டில் பெரியப்பாவிலிருந்து சித்திக்கும், சித்தியிலிருந்து பெண்ணுக்கும் போகிற செய்தி அதுதான். இந்த இரண்டு இடங்களிலும் முகப்பில் உள்ள வாசகமே இருக்கும்படி செய்துவிட்டால், ஒன்றைப் பார்த்து உள்ளே வருகிறவர் அதே சொல்லைக் கண்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மனம் சமாதானமடைகிறார். உள்பக்கங்களிலும், எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினாலும், யாருடைய கடை, எந்த ஊர் என்பது மேலே தெரிய வேண்டும்.

மற்ற தொழில்களுக்கும் வழி இதுவேதான். வாசகம் மட்டும் மாறும். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவரிடம் எந்தெந்த ஊர்களுக்கு வண்டி வரும் என்றும் அடிக்கு என்ன கூலி என்றும் கேட்கிறார்கள். மரச்செக்கு எண்ணெய் விற்பவரிடம் கண்ணெதிரே ஆட்டித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஏசி பழுது பார்ப்பவரிடம் இன்றைக்கே வர முடியுமா என்பதைத் தவிர வேறு கேள்வியே இல்லை. அந்தக் கேள்விக்குரிய பதிலை மேலே எழுதினால் போதும்.

எழுதிய பிறகு அது சரியாக அமைந்ததா என்று எப்படி அறிவது? பெரிய ஸ்தாபனங்கள் இரண்டு விதமான முகப்புகளை வந்தவர்களுக்குப் பாதிப் பாதியாகக் காட்டி எது சிறந்தது என்று கணக்கிடும். மாதத்துக்கு முந்நூறு பேர் வருகிற தளத்தில் அந்த முறை பயன்படாது. ஒரு மாதம் மூன்று பேரும் அடுத்த மாதம் ஐந்து பேரும் விசாரித்தால், அது வாசகத்தின் பலனா, முகூர்த்த மாதத்தின் பலனா, தற்செயலா என்று பிரித்தறிய அந்த எண்ணிக்கை போதாது. அதற்குப் பதிலாக, தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கைபேசியில் பக்கத்தை ஐந்து விநாடி காட்டி, திரையை மூடிவிட்டு, இங்கே என்ன கிடைக்கும், யாருக்காக, வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நாலைந்து பேரிடம் கேட்டாலே குறை தெரிந்துவிடும். தெரிந்தவர்களிடம் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. அவர்கள் அன்பினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அந்த அக்காவின் நோட்டையும் மூடிவிடக் கூடாது. முகப்பு மாறிய பிறகு வருகிற கேள்விகளின் சுபாவமும் மாறும். ‘பேர் போட்டுத் தருவீங்களா?’ என்பது குறைந்து, ‘ஆவணி 20 முகூர்த்தம், இந்த ரெண்டு பேர், மெட்ராஸுக்கு அனுப்பணும்’ என்று தொடங்குகிற அழைப்புகள் கூடினால், முகப்பு தன் வேலையைச் செய்கிறது. பழைய கேள்வி ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தால், அதற்கான பதில் மேலே இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை. இப்போது அந்த நோட்டில் அடிக்கடி வருகிற கேள்வி அளவைப் பற்றியது. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், கட்டிலுக்குச் சரியாக இருக்குமா என்று கேட்கிறார்கள். ஆகவே ஆடி மாதம் கல்யாணமில்லாமல் கடை சற்று ஓய்ந்திருக்கும்போது, படத்தின் ஓரத்தில் அளவையும் எழுதி, மேலே ‘ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்போதே சொல்லுங்கள்’ என்ற வரியையும் சேர்ப்பதாக இருக்கிறோம். மார்கழியில் அந்த வரி தை முகூர்த்தங்களைச் சொல்லும்.